சின்ன எழுத்தில் ஒரு பெயர்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஓரளவு ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளுக்கு எஸ்.இ.ஹிண்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலைக் கொடுத்தேன். அமெரிக்காவில் டல்சா நகரத்தில் ஏழைப் பையன்கள் கிரீசர்கள், பணக்காரப் பையன்கள் சோஷ்கள், இரண்டு கூட்டத்துக்கும் ஓயாத அடிதடி. எல்லாரும் விரும்பித்தான் படித்தார்கள். கிரீசர் பையன் ஜானி சாகிற இடத்தில் அழுததாக இரண்டு பேர் சொன்னார்கள். ஆனால் ஒரு பையன் கேட்டான்: “ரெண்டு பக்கமும் மனுசங்கதான்னு கதை சொல்லுது. அது சண்டைக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரியுமே மிஸ். அப்புறம் ஏன் சண்டை போட்டாங்க?” பதில் தெரியாமல் மழுப்பிவிட்டேன். யோசித்தால் எனக்கும் அதே சந்தேகம்தான். எதிரியும் மனிதன் என்பது வெறும் சமாதானப் பேச்சு இல்லையா? இதே விஷயத்தை இன்னும் நன்றாக எழுதியவர்கள் உண்டா?

ம.

அன்புள்ள ம.,

மழுப்பியதற்காக வருத்தப்படாதீர்கள். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஹிண்டன் அந்த நாவலை எழுத ஆரம்பித்தபோது 15 வயது. 1967ல் புத்தகம் வந்தபோது 18. பெண் எழுதியது என்று தெரிந்தால் ஆண் விமர்சகர்கள் அலட்சியம் செய்வார்கள் என்று பதிப்பகம் இனிஷியல் போடச் சொன்னது. அந்த வயதுக்குரிய குறைகள் அதில் உண்டு. கண்ணீர் கொஞ்சம் தாராளம். இரண்டு கூட்டமும் பார்ப்பது ஒரே அந்தி வானத்தைத்தான் என்கிற இடம் எனக்கும் சர்க்கரை தூக்கலாகத்தான் பட்டது. நீங்கள் சமாதானப் பேச்சு என்பது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் உங்கள் மாணவனின் கேள்விக்கு அந்த நாவலுக்குள்ளேயே பதில் இருக்கிறது. கடைசிப் பெரிய சண்டையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கிரீசர்கள் சார்பில் முதலில் முன்னால் வருபவன் டேரி. 20 வயது. அப்பா அம்மா கார் விபத்தில் போய்விட்டார்கள்; இரண்டு தம்பிகளைக் காப்பாற்றக் கூரை வேலைக்குப் போகிறான். அவனுக்கு எதிரே வந்து நிற்கிற சோஷ் யார்? பால் ஹோல்டன். பள்ளியில் இருவரும் ஒரே ஃபுட்பால் அணி, கூட்டாளிகள். இப்போது முறைத்தபடி ஒருவரை ஒருவர் சுற்றி வருகிறார்கள். அவன் மனிதன் என்று டேரிக்குத் தெரியாதா என்ன? யாருடைய பந்தை யார் பிடிப்பார்கள் என்பது வரை தெரிந்திருக்கும். ஒருவன் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று, மற்றவன் வசதியாக இருக்கிறான். இடையில் நடந்தது அவ்வளவுதான்.

செர்ரியையும் சொல்ல வேண்டும். சோஷ் கூட்டத்துப் பெண். ஜானி குத்திக் கொன்றது அவளுடைய காதலனை. காதலன்தான் குடித்துவிட்டு வம்புக்குப் போனான் என்று சொல்லி கிரீசர்கள் பக்கம் சாட்சிக்கு நிற்கவும் தயாராகிறாள். ஆனால் ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஜானியை வந்து பார் என்று கூப்பிட்டால் மாட்டேன் என்கிறாள். நியாயம் எது என்று தெரிந்தவளால் கட்டில் பக்கத்தில் போய் நிற்க முடியவில்லை. 18 வயதுக்குள் இதை எழுதியதற்காக அந்தி வானத்தை மன்னித்துவிடலாம்.

சரி, இதைவிட நன்றாக எழுதியவர்கள் உண்டா என்கிறீர்கள். என் ஓட்டு ஹங்கேரிக்காரர் ஃபெரென்ட்ஸ் மோல்னாருக்கு. அவருடைய ‘பால் தெருப் பையன்கள்’ 1906ல் தொடராக வந்து அடுத்த வருடம் புத்தகமானது. (பால் தெரு என்றதும் பால்காரர்கள் தெரு என்று எண்ண வேண்டாம், அது ஆள் பெயர்.) கதை புடாபெஸ்ட் நகரத்தில் நடக்கிறது. மர அறுவை ஆலையை ஒட்டி ஒரு காலி மனை. அடுக்கி வைத்த விறகுக் குவியல்கள்தான் கோட்டைகள். அந்த மனைதான் பால் தெருப் பையன்களுக்கு நாடு. தாவரவியல் பூங்காவில் முகாம் போட்டிருக்கிற இன்னொரு பையன் கூட்டம் செஞ்சட்டைக்காரர்கள். அவர்களுக்குப் பந்து விளையாட இடம் இல்லை. அதனால் மனையைப் பிடிக்க வருகிறார்கள்.

பால் தெருப் படையில் எல்லாரும் கேப்டன், லெப்டினன்ட். ஒரே ஒரு சிப்பாய்தான், பெயர் நெமெச்செக். ஒல்லியான, வெளுத்த தலைமுடிப் பையன். அப்பா தையல்காரர். அத்தனை அதிகாரிகளும் கட்டளை போட ஆள் வேண்டுமே, அதற்கு இவன். சின்ன வயதில் எங்கள் தெரு கிரிக்கெட்டில் நானும் இதே பதவியில் இருந்திருக்கிறேன். சாக்கடையில் விழுந்த பந்தை எடுப்பது என் துறை. அதனால் நெமெச்செக் விஷயத்தில் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

எதிரிகள் திருடிப்போன கொடியை மீட்க அவன் தனியாகப் பூங்காவுக்குள் போகிறான். மரத்தில் ஏறி ஒளிந்திருக்கும்போது கீழே தன் படையைச் சேர்ந்த கெரேப் எதிரிகளுக்கு உளவு சொல்லிக்கொண்டிருப்பது தெரிகிறது. இருட்டும் வரை இருந்துவிட்டு நழுவியிருக்கலாம். அவன் தானாகவே இறங்கி வருகிறான். செஞ்சட்டைத் தலைவன் ஃபெரி ஆச் எங்களோடு சேர்ந்துவிடு என்கிறான். துரோகியாக இருப்பதைவிடத் தண்ணீரில் மூழ்கிச் சாவேன் என்று பதில் வருகிறது. அவனைப் பிடித்துக் குளிர்ந்த நீரில் முக்கி எடுக்கிறார்கள். கெரேப் சிரிக்கிறான். சொட்டச் சொட்ட நனைந்தபடி நெமெச்செக் பாலத்தைக் கடக்கும்போது ஃபெரி ஆச் தன் காவலர்களுக்கு ஒரு உத்தரவு போடுகிறான்: சல்யூட். வெள்ளிக் காகிதம் சுற்றிய ஈட்டிகளை அவர்கள் உயர்த்திப் பிடிக்கிறார்கள்.

அதே நேரத்தில் அவனுடைய சொந்தக் கூட்டம் அவனை எப்படி வைத்திருந்தது தெரியுமா? அந்தப் பையன்களிடம் ‘மக்குச் சங்கம்’ என்று ஒன்று உண்டு. கண்ணாடி ஜன்னலில் தச்சர்கள் அப்புகிற மக்கு இருக்கிறதே, அதைச் சுரண்டிச் சேர்த்து, காய்ந்துபோகாமல் தலைவர் மென்றுகொண்டே இருப்பது சங்கத்தின் பணி. நடவடிக்கைக் குறிப்பேடு, தீர்மானம், முத்திரை என்று எல்லாம் பக்காவாக உண்டு. ஒரு ரகசிய வேலைக்காக நெமெச்செக் சங்கக் கூட்டம் ஒன்றிலிருந்து பாதியில் எழுந்து போகிறான். காரணம் சொல்ல முடியாது, ரகசியம். சங்கம் அவனைக் கோழை, துரோகி என்று தீர்மானம் போட்டு, பெயரைக் குறிப்பேட்டில் முழுக்கச் சின்ன எழுத்தில் எழுதுகிறது. நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது; இந்த அவமானத்தைத் தமிழில் கொண்டுவருவது கஷ்டம். கல்யாணப் பத்திரிகையில் எல்லார் பெயருக்கு முன்னாலும் திரு போட்டுவிட்டு ஒருவரை மட்டும் மொட்டையாக விடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விசுவாசமாக ஒரே கூட்டத்துக்குள் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவனின் பதவிதான் தெரிகிறது, அவன் தெரிவதில்லை. நெமெச்செக் அவர்களுக்குச் சிப்பாய், அவ்வளவுதான். ஃபெரி ஆச்சுக்கு அந்தக் கணக்கு எதுவும் தெரியாது. அவன் பார்த்தது மரத்திலிருந்து தானாக இறங்கி வந்த பையனை. ஹிண்டனிடமும் இது உண்டு. சோஷ் கூட்டத்து ராண்டிக்குத் தன் செத்துப்போன நண்பனைப் பற்றி மனம்விட்டுப் பேச சொந்தக் கூட்டத்தில் ஆள் கிடைக்கவில்லை. காரில் உட்கார வைத்து அவன் பேசுவது கிரீசர் பையன் போனிபாயிடம்.

மோல்னார் இதைச் சமாதானத்தில் கொண்டுபோய் முடிக்கவில்லை. சல்யூட் அடித்த அதே ஃபெரி ஆச் படையோடு வந்து சண்டை போடுகிறான். முக்கி முக்கி நிமோனியா வந்து படுத்திருந்த நெமெச்செக் காய்ச்சலோடு எழுந்து ஓடிவந்து அவனையே கீழே தள்ளுகிறான். பால் தெரு ஜெயிக்கிறது. அப்புறம் நெமெச்செக் வீட்டுக்கு வெளியே தயங்கித் தயங்கி நடந்துகொண்டிருப்பவன் தோற்றுப்போன ஃபெரி ஆச். உள்ளே பையன் மூச்சுக்குத் திணறும்போது, தைக்கக் கொடுத்த பழுப்புக் கோட்டைப் போட்டுப் பார்க்க ஒரு வாடிக்கையாளர் வந்து நிற்கிறார். அப்பா அளவு பார்த்துக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், வைத்தியச் செலவு இருக்கிறது. மன்னிப்புக் கடிதத்தோடு மக்குச் சங்கத்தார் வந்து சேரும்போது பையன் போய்விட்டான். பெயரை இனிமேல் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதுவதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தார்கள்.

மனை? அதில் மாடி வீடு கட்டப் போகிறார்கள். திங்கட்கிழமை இன்ஜினியர் வருகிறார்.

நாவலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது, தேடினால் கிடைக்கும். வகுப்பு முழுவதற்கும் வேண்டாம், கேள்வி கேட்ட பையனிடம் மட்டும் கொடுங்கள். மக்குச் சங்கத்து அத்தியாயத்தில் அவன் சிரிப்பான். முடித்த பிறகு அவன் என்ன கேட்டான் என்று எழுதுங்கள். இந்த முறை நானும் மழுப்ப வேண்டியிருக்கலாம்.