வாசகர் கேள்வி – பதில்: வெள்ளத்துக்கும் வெயிலுக்கும் காலநிலை மாற்றம்தான் காரணமா?

மழை கொட்டினாலும் காலநிலை மாற்றம், காய்ந்தாலும் காலநிலை மாற்றம் என்கிறார்கள். அப்படியானால் 1964-இல் தனுஷ்கோடியை அழித்த புயல் எதனால் வந்தது?
– வாசகர், இராமநாதபுரம்

வங்கக் கடலில் காலங்காலமாக உருவாகிவரும் புயல்களில் ஒன்று அது. 1970-இல் இன்றைய வங்கதேசக் கரையைத் தாக்கிய போலா புயல் மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் பலிகொண்டது. ஆகவே ஒரு புயலையோ வெள்ளத்தையோ காட்டி, “இதைக் காலநிலை மாற்றம்தான் உண்டாக்கியது” என்று ஒருவர் சொன்னால், நீங்கள் சந்தேகப்படுவது நியாயம்தான்.

ஆனால் இத்தகைய நிகழ்வுகளில் காலநிலை மாற்றத்தின் பங்கை அளக்கும் துறையின் விஞ்ஞானிகள் கேட்கும் கேள்வி வேறு. நிலக்கரியும் எண்ணெயும் எரித்துப் பூமியைச் சூடாக்காமல் இருந்திருந்தால் இதே அளவு மழையோ வெயிலோ எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வந்திருக்கும்? இப்போது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது? அன்றைய உலகில் இதே நிகழ்வு எவ்வளவு கடுமையாக இருந்திருக்கும்? இவற்றுக்கு எண்ணில் விடை சொல்ல முடியும். ‘காரணமா, இல்லையா’ என்று கேட்டால் முடியாது.

கொட்டுவதும் காய்வதும் ஒரே காரணத்தால் எப்படி என்றால், காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7% கூடும். அந்த நீராவி ஓரிடத்தில் குளிர்ந்து இறங்கும்போது மழை கனக்கிறது. மழை இல்லாத இடத்தில் அதே சூடான காற்று மண்ணிலுள்ள ஈரத்தை முன்பைவிட வேகமாக உறிஞ்சிவிடுகிறது.

இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள்? நடக்காத ஓர் உலகத்தைப் பற்றி எண் சொல்வது ஊகம் இல்லையா?
– கல்லூரி மாணவி, திருச்சி

முதலில் நிகழ்வை வரையறுக்க வேண்டும். எந்தப் பரப்பு, எத்தனை நாள், எந்த அளவு? ‘சென்னை வெள்ளம்’ என்று சொன்னால் போதாது. ‘இந்தப் பரப்பில் ஒரே நாளில் பெய்த அதிகபட்ச மழை’ என்று வேண்டும். பிழை பெரும்பாலும் நுழைவது இங்கேதான். பரப்பை மழை கொட்டிய இடத்துக்கு மட்டும் குறுக்கினால் நிகழ்வு மிக அபூர்வமாகத் தெரியும். மாநிலம் முழுக்க விரித்தால் சாதாரணமாகத் தெரியும். வரையறையை விடைக்கு ஏற்ப வளைக்காமல், பாதிப்பு எங்கே நேர்ந்ததோ அதற்கேற்ப முடிவு செய்வது நேர்மையான முறை.

அடுத்து நீண்டகாலப் பதிவுகள். குறைந்தது 50, 60 ஆண்டுகளின் தினசரி அளவு வேண்டும். ஒவ்வோர் ஆண்டின் உச்ச அளவையும் எடுத்து, உச்ச மதிப்புகளுக்கென்றே உள்ள புள்ளியியல் வளைவில் பொருத்துவார்கள். பூமியின் சராசரி வெப்பம் ஏற ஏற அந்த வளைவு எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு, காலநிலையைக் கணினியில் போலச் செய்து பார்க்கும் மாதிரிகள். அந்த வட்டாரத்தின் பருவமழையை ஓரளவாவது சரியாகக் காட்டுகிறதா என்று ஒவ்வொரு மாதிரியையும் சோதித்து, தேறாதவற்றை ஒதுக்கிவிடுவார்கள். தேறியவற்றில் இன்றைய பூமியையும், சுமார் 1.2 அல்லது 1.3 டிகிரி குளிர்ந்த பழைய பூமியையும் ஒப்பிடுவார்கள். பதிவும் மாதிரியும் ஒரே திசையில் பேசினால்தான் முடிவு. முரண்பட்டால், முடிவு சொல்ல இயலவில்லை என்று எழுத வேண்டும், எழுதவும் செய்கிறார்கள்.

2003-இல் ஐரோப்பாவைத் தாக்கிய வெப்ப அலை பற்றி 2004-இல் வெளியான ஆய்வு இத்துறையின் முதல் பெரிய முயற்சி. அத்தகைய கோடையின் வாய்ப்பை மனிதச் செயல்கள் இரண்டு மடங்குக்கும் மேல் ஆக்கியிருக்கும் என்றது அது. இப்போது ‘வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன்’ என்ற ஆய்வுக் குழு பேரிடர் நடந்த சில வாரங்களுக்குள்ளேயே கணக்குப் போட்டு வெளியிடுகிறது. காலநிலை விஞ்ஞானிகள் ஃப்ரெடரிகே ஓட்டோவும், மறைந்த கியர்ட் யான் வான் ஓல்டன்போர்க்கும் தொடங்கிய குழு இது.

ஒன்றைக் கவனியுங்கள். 2010-இல் ரஷ்யாவில் வீசிய வெப்ப அலைக்கு, ‘பெரும்பாலும் இயற்கையே காரணம்’ என்று ஓர் ஆய்வும், ‘புவி வெப்பமாதலே காரணம்’ என்று இன்னோர் ஆய்வும் வந்தன. 2012-இல் ஓட்டோவும் சக ஆய்வாளர்களும் இரண்டும் முரண்படவில்லை என்று காட்டினார்கள். முதல் ஆய்வு கேட்டது, வெயில் எத்தனை டிகிரி கூடியது என்று. அதில் இயற்கையின் பங்கே அதிகம். இரண்டாவது கேட்டது, அப்படி ஒரு வெயில் வரும் வாய்ப்பு எத்தனை மடங்கு கூடியது என்று. அது சுமார் மூன்று மடங்கு கூடியிருந்தது. செய்தியில் ‘பத்து மடங்கு’ என்றோ ‘பத்து சதவீதம்’ என்றோ படிக்கும்போது, அது வாய்ப்பைப் பற்றியதா கடுமையைப் பற்றியதா என்று முதலில் பாருங்கள்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதே, அதற்காவது காலநிலை மாற்றத்தைச் சொல்லலாமா?
– வாசகர், தாம்பரம்

உங்கள் ஊரில்தான் அன்று 49 செ.மீ. பதிவானது. அந்த மழையை ஓல்டன்போர்க் குழு ஆராய்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டது. புவி வெப்பமாதலின் தாக்கம் எதையும் அந்த ஒருநாள் மழையில் கண்டறிய முடியவில்லை என்பதே அந்த முடிவு. தென்னிந்தியர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு இது; ஆனால் இங்கே அதிகம் பேசப்படவே இல்லை.

அதற்கு அவர்கள் சொன்ன விளக்கமும் முக்கியம். நம் நாட்டின் மேல் தொழிற்சாலையும் வாகனமும் அடுப்பும் கக்கிய நுண்துகள்கள் மிதக்கின்றன. அவை சூரிய ஒளியைத் தடுத்து, பசுங்குடில் வாயுக்கள் ஏற்றும் சூட்டை அதுவரை ஓரளவு ஈடுகட்டியிருக்கக்கூடும். வங்கக் கடலின் மேற்குப் பகுதியில் நீர் வெப்பமும் உலக சராசரி அளவுக்கு உயர்ந்திருக்கவில்லை. இதை வைத்து, ‘சென்னைக்கு இனியும் கவலை இல்லை’ என்று எண்ணிவிடக் கூடாது. நம் நுரையீரலுக்காக அந்தத் தூசைக் குறைத்தே ஆக வேண்டும். குறைக்கும்போது மறைந்திருந்த சூடு வெளிப்படும்.

மழையை விடுங்கள், வெள்ளத்துக்கு வருவோம். அடையாற்றின் கரைகளிலும் வெள்ளச் சமவெளியிலும் கட்டடங்கள், பெருமளவு தூர்க்கப்பட்ட பள்ளிக்கரணை சதுப்பு நிலம், ஆக்கிரமிக்கப்பட்ட ஏரிகள், செம்பரம்பாக்கம் ஏரியில் நீர் திறந்துவிட்ட விதம். இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இதை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறிப்பிட்டது. இந்த இடத்தில் காலநிலை மாற்றத்தின் மீது பழி போட்டால், நீர்நிலையில் மனைப் பிரிவுக்கு அனுமதி கொடுத்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். எங்கள் கோபம் அதுதான். வானத்தின் பங்கு வேறு, நகரத்தின் பங்கு வேறு. இரண்டையும் தனித்தனியே அளக்காமல் பழியைச் சுமத்தக் கூடாது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. இதுகூட இயல்புதானா?
– வாசகர், தூத்துக்குடி

இல்லை, சமவெளியில் கொட்டிய மழைகளில் அது மிக அசாதாரணமானது. அதற்குப் புயல்கூடத் தேவைப்படவில்லை. குமரிக் கடல் பகுதியில் நிலைகொண்ட வளிமண்டல மேலடுக்குச் சுழற்சியே போதுமாக இருந்தது. ஆனால் இவ்வளவு சிறிய பரப்பில், இவ்வளவு குறுகிய நேரத்தில் கொட்டும் மழைக்குப் பங்கு பிரிப்பதுதான் இத்துறையில் மிகக் கடினமான வேலை. கணினி மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்தே கணக்கிடுகின்றன; பல மாதிரிகளில் ஒரு கட்டமே பத்துக் கணக்கான கிலோமீட்டர் அகலம். காயல்பட்டினமும் திருச்செந்தூரும் ஸ்ரீவைகுண்டமும் அதில் ஒரே புள்ளியாகிவிடும்.

இயற்பியலை மட்டும் வைத்து ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிகிரிக்கு 7% என்றால் 1.2 டிகிரிக்கு சுமார் 8%. அதாவது 95 செ.மீ.யில் ஏறத்தாழ 7 செ.மீ. ‘அவ்வளவுதானா?’ என்று தோன்றும். 7 செ.மீ. மழை 100 சதுர கிலோமீட்டரில் விழுந்தால் அது 70 லட்சம் கன மீட்டர், கால் டி.எம்.சி. தண்ணீர். குளம் ஏற்கெனவே நிரம்பி மறுகால் பாய்ந்துகொண்டிருக்கும்போது கூடுதலாக வரும் இந்தத் தண்ணீர்தான் கரைக்கு மேல் வழிகிறது. மண்கரை மேல் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் அரிப்பு சில மணி நேரத்தில் உடைப்பாகிவிடும். மழை 8% கூடினால் சேதமும் 8% தான் கூடும் என்று எண்ணக் கூடாது.

புயல்களின் எண்ணிக்கை கூடிவிட்டதா?
– வாசகி, நாகப்பட்டினம்

வங்கக் கடலில் கூடவில்லை, சற்றுக் குறைந்திருக்கிறது. அரபிக் கடலில் கூடியிருக்கிறது. 2001–2019 காலத்தை அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளோடு ஒப்பிட்ட இந்திய ஆய்வாளர்கள் அரபிக் கடலில் 52% உயர்வும், வங்கக் கடலில் 8% குறைவும் கண்டார்கள். உலக அளவில் மொத்த எண்ணிக்கையைவிட, தீவிரப் புயல்களின் விகிதம் உயர்வதே கவனிக்க வேண்டியது. அதோடு, கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை சுமார் 20 செ.மீ. ஏறிவிட்டது. அதே வலிமையுள்ள புயல் வந்தாலும் கடல்நீர் முன்பைவிட அவ்வளவு உயரத்திலிருந்து ஊருக்குள் புறப்படுகிறது.

சுனாமி, நிலநடுக்கம்?
– மாணவர், கடலூர்

தொடர்பில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி, சுமத்ரா அருகே பூமித்தட்டுகள் நழுவியதால் வந்தது.

வயநாடு நிலச்சரிவில் யார் பங்கு எவ்வளவு?
– வாசகர், கூடலூர்

2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கையையும் சூரல்மலையையும் அழித்த சரிவுக்கு முன் ஒரே நாளில் 14 செ.மீ.க்கு மேல் பெய்திருந்தது. அதுவும் வாரக்கணக்கில் நனைந்து ஊறிய மண்ணின் மேல். அந்த ஒருநாள் மழையின் கடுமையைக் காலநிலை மாற்றம் சுமார் 10% கூட்டியது என்று வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன் கணித்தது. சிறிய மலைப்பகுதி என்பதால் இந்த எண்ணில் தடுமாற்றம் அதிகம் என்றும் அவர்களே சொன்னார்கள். அதே முண்டக்கையில் 1984-லும் சரிவு நடந்திருக்கிறது. பக்கத்தில் புத்துமலையில் 2019-இல் நடந்தது. சரிவு வரும் ஓடைப்பாதை தெரிந்த பாதை. அங்கே மக்கள் குடியிருந்ததற்கும், அன்று இரவே அவர்களை வெளியேற்றாததற்கும் 10% மழை பதில் சொல்லாது.

நேர்மாறான உதாரணமும் உண்டு. 2022 மார்ச், ஏப்ரலில் வட இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெப்ப அலையின் வாய்ப்பு சுமார் 30 மடங்கு கூடியிருந்தது. வெயிலில் இந்த ஆய்வுகள் மிக உறுதியாகப் பேசும், கனமழையில் ஓரளவு, வறட்சியில் இன்னும் தயங்கி. மடகாஸ்கரின் தெற்கே 2021-இல் பட்டினி பரவியபோது, ‘காலநிலை மாற்றத்தால் வந்த முதல் பஞ்சம்’ என்று உலகமெங்கும் செய்தி வந்தது. ஆராய்ந்தபோது மழைக்குறைவில் அதன் பங்கு தெளிவாகத் தெரியவில்லை. வறுமையும் மழையை மட்டுமே நம்பிய விவசாயமுமே பட்டினிக்குப் பெரிய காரணங்களாக இருந்தன.

‘நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’ 2015-இல் வந்துவிட்டது. இனி வீடு வாங்கலாம் அல்லவா?
– வாசகர், வேளச்சேரி

வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் 1% வாய்ப்பு என்பதே அதன் பொருள். அடுத்த ஆண்டே வரலாம். முப்பது ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு 26%. காலநிலை மாற்றத்தால் அது ஐம்பது ஆண்டு வெள்ளமாகிவிட்டால் 45%. வாங்கும் முன் பழைய நில ஆவணத்தில் அந்த சர்வே எண் ஏரி, வாய்க்கால், கழுவெளி என்று இருந்ததா என்று பாருங்கள். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எந்தப் படி வரை நின்றது என்று தெருவில் விசாரியுங்கள். தரைத்தளம் அந்த அளவுக்கு மேல் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

பங்கு எவ்வளவு என்று கணக்கிட முடியுமானால், புகை கக்கிய நிறுவனங்களிடம் இழப்பீடு கேட்க முடியுமா?
– வழக்கறிஞர், மதுரை

முயன்றிருக்கிறார்கள். பெரு நாட்டின் உவராஸ் நகர விவசாயி ஒருவர், உருகும் பனிப்பாறையால் பெருகும் ஏரி தன் வீட்டை மூழ்கடிக்கும் என்று ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.இ. மின் நிறுவனத்தின் மீது 2015-இல் வழக்குப் போட்டார். உலகின் மொத்த உமிழ்வில் அதன் பங்கு 0.5 சதவீதத்துக்கும் கீழே. தடுப்புச் செலவில் அந்தப் பங்கை மட்டும் கேட்டார். 2025 மே மாதம் ஹாம் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவர் வீட்டுக்கு உள்ள ஆபத்து போதுமான அளவு இல்லை என்பது காரணம். ஆனால் பெரிய உமிழ்வாளர்கள் எல்லை கடந்தும் பொறுப்பாக முடியும் என்ற கொள்கையை அது ஏற்றது. இங்கே 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து விடுபட்டிருப்பது அரசமைப்புச் சட்டத்தின் 14, 21 ஆகிய பிரிவுகளில் அடங்கிய உரிமை என்றது. மாநிலப் பேரிடர் நிவாரணத்துக்கு இந்த விவாதமே தேவையில்லை; மழை எதனால் வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் பள்ளியில் மாணவர்களை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?
– ஆசிரியை, தென்காசி

மழையை அளந்து எழுதுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள, 10 செ.மீ. விட்டத்தில் ஒரு பாத்திரம் போதும். பக்கத்துக் கட்டடமோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி, திறந்தவெளியில் ஆடாமல் பதித்து வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு, வானிலைத் துறை அளக்கும் அதே நேரத்தில், சேர்ந்த நீரை மில்லிலிட்டரில் அளந்து 7.85-ஆல் வகுத்தால் மழை மில்லிமீட்டரில் கிடைக்கும். மழைநாளில் தாமதித்தால் மறுநாள் கணக்கில் சேர வேண்டிய மழையும் இதில் சேர்ந்துவிடும். வெயில்நாளில் தாமதித்தால் கொஞ்சம் ஆவியாகிவிடும். பாத்திரத்தை இடம் மாற்றினால் மாற்றிய நாளைக் குறித்துவையுங்கள், இல்லையேல் இட மாற்றத்தால் வந்த வேறுபாட்டைப் பின்னால் வருகிறவர் மழையின் மாற்றம் என்று நினைப்பார். மழையே இல்லாத நாளில் ‘0’ என்று எழுத வேண்டும். வெற்றிடமாக விட்டால் மழை இல்லையா, அளக்க மறந்தார்களா என்று தெரியாது, அந்த நாளைக் கணக்கில் சேர்க்க முடியாது.