டேபிளை அழித்த பிறகும் சீக்வென்ஸ் ஏன் மிஞ்சுகிறது?

கேள்வி: போஸ்ட்கிரெஸ் சோதனை டேட்டாபேஸில் டேபிள்களை அழித்துத் திரும்ப உருவாக்க ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். இரண்டாம் முறை ஓட்டினால் சீக்வென்ஸ் (தொடர் எண்களை உருவாக்கித் தருவது) ஏற்கெனவே இருப்பதாகப் பிழை வருகிறது. 'டிராப் டேபிள்' கட்டளையில் 'கேஸ்கேட்' சேர்த்தும் பிழை போகவில்லை. அறிக்கைக்கான வியூ (பெயரிட்டுச் சேமித்த வினவல்) ஒன்றுதான் காணாமல் போனது. என்ன செய்வது?

பதில்: கேஸ்கேட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. டேபிளைச் சார்ந்து நிற்பவற்றை அது அழிக்கும். டேபிள் எதைச் சார்ந்து நிற்கிறதோ அதைத் தொடாது. உங்கள் வியூ டேபிளைச் சார்ந்தது, அதனால் போனது. நீங்கள் தனியாக உருவாக்கிய சீக்வென்ஸ் அப்படியல்ல. டேபிளின் நெடுவரிசைதான், அடுத்த எண்ணைக் கேட்கும் 'நெக்ஸ்ட்வேல்' வழியாக, அதைச் சார்ந்திருக்கிறது. 'கிரியேட் டைப்' மூலம் உருவாக்கிய டைப்பும், டிரிகர் (தரவு மாறும்போது தானாக இயங்குவது) அழைக்கும் ஃபங்ஷனும் மிஞ்சுவதற்கு இதே காரணம்தான். இன்டெக்ஸ், டிரிகர் இரண்டும் கேஸ்கேட் இல்லாமலே டேபிளோடு போய்விடும்.

சீக்வென்ஸை டேபிளோடு கட்டிப்போட 'ஆல்டர் சீக்வென்ஸ்' கட்டளையில் 'ஓன்ட் பை' என்று டேபிளையும் நெடுவரிசையையும் குறிப்பிடுங்கள். அதன்பின் டேபிள் போனால் அதுவும் போகும். சீரியல், ஐடென்டிட்டி நெடுவரிசைகளில் இது தானாகவே நடக்கிறது. இரண்டு டேபிள்கள் ஒரே சீக்வென்ஸைப் பகிர்ந்தால் மட்டும் கட்டாதீர்கள். அப்போது இரண்டு டேபிள்களையும் அழித்த கையோடு 'டிராப் சீக்வென்ஸ் இஃப் எக்ஸிஸ்ட்ஸ்' என்று ஸ்கிரிப்டில் எழுதிவிடுங்கள்.

வியூ போனதைவிட எனக்குக் கவலை தருவது ஃபாரின் கீ, அதாவது ஒரு டேபிளின் வரிசை இன்னொரு டேபிளில் உண்மையில் இருக்கும் வரிசையைத்தான் சுட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடு. வேறொரு டேபிள் உங்கள் டேபிளைச் சுட்டிக்கொண்டிருந்தால், கேஸ்கேட் அந்த டேபிளை விட்டுவைத்து ஃபாரின் கீயை மட்டும் நீக்கும். டேபிளைத் திரும்ப உருவாக்கினாலும் அது தானாக வராது. பிழைச் செய்தியும் இருக்காது. பெற்றோர் இல்லாத வரிசைகள் (இல்லாத வரிசையைச் சுட்டுபவை) நுழைந்து பல வாரங்கள் கழித்துத்தான் தெரியும்.

ஆகவே ஒருமுறை ஒத்திகை பாருங்கள். 'பிகின்' போட்டு, கேஸ்கேடுடன் டேபிளை அழித்து, திரையில் வரும் நோட்டீஸைப் படித்துவிட்டு 'ரோல்பேக்' கொடுங்கள். போஸ்ட்கிரெஸில் டிராப் கட்டளையையும் இப்படித் திரும்பப் பெறலாம்; மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் இரண்டிலும் முடியாது. ரோல்பேக் கொடுக்கும்வரை டேபிள் முழுமையாகப் பூட்டப்பட்டிருக்கும் என்பதால், பலர் பயன்படுத்தும் டேட்டாபேஸில் இதைச் செய்யாதீர்கள். நோட்டீஸில் வந்த வியூ, ஃபாரின் கீ ஒவ்வொன்றையும் திரும்ப உருவாக்கும் கட்டளை உங்கள் ஸ்கிரிப்டில் இருக்க வேண்டும். டேபிளுக்கும் வியூவுக்கும் கொடுத்திருந்த 'கிராண்ட்' உரிமைகள் நோட்டீஸில் வராது, அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தரவை மட்டும் காலி செய்வதுதான் நோக்கமென்றால் டிராப் எதற்கு? 'டிரன்கேட்' கட்டளையோடு 'ரீஸ்டார்ட் ஐடென்டிட்டி' போதும். ஆனால் அங்கே கேஸ்கேடைச் சேர்க்குமுன் யோசியுங்கள்: டிரன்கேட்டில் அது ஃபாரின் கீயை நீக்காது, சுட்டும் டேபிளையே காலி செய்துவிடும்.