பின்னல் பேட்டர்னுக்கும் ஆரி டிசைனுக்கும் பதிப்புரிமை: வாசகர் கேள்விகள்

தமிழக–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும் இருந்து வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பதிப்புரிமையும் வடிவமைப்புப் (டிசைன்) பதிவும் மத்தியச் சட்டங்களின் கீழ் வருவதால், குமரி மாவட்டத்தவருக்கும் திருவனந்தபுரம் மாவட்டத்தவருக்கும் விதி ஒன்றே.

பலாச்சுளை வடிவில் ஒரு மேசை விரிப்பை நானே யோசித்துக் குரோஷாவில் பின்னி, அதன் எழுத்து வழிமுறையையும் கட்டப் படத்தையும் இணையத்தில் இலவசமாகக் கொடுத்தேன். பாறசாலையில் ஒருவர் என் பெயரை நீக்கி, அதையே பிடிஎஃப் ஆக்கி 150 ரூபாய்க்கு விற்கிறார். இலவசமாகக் கொடுத்ததால் உரிமை போய்விட்டதா? (குழித்துறை வாசகி)

போகவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, நீங்கள் எழுதிய வழிமுறை இலக்கியப் படைப்பாகவும், கட்டப் படமும் நீங்கள் எடுத்த புகைப்படமும் கலைப் படைப்புகளாகவும் பாதுகாக்கப்படுகின்றன. படத்தில் கலைநயம் இருக்கிறதா என்று சட்டம் பார்ப்பதில்லை. உரிமையைத் துறக்க விரும்பினால்கூட, 21ஆம் பிரிவின்படி பதிப்புரிமைப் பதிவாளருக்கோ பொதுமக்களுக்கோ முறையாக அறிவிக்க வேண்டும் என்னும்போது, இலவசமாகப் பகிர்ந்ததையே உரிமையைத் துறந்ததாகக் கொள்ள இடமில்லை. பெயரை நீக்கியது தனிக் குற்றச்சாட்டு. படைப்பாளர் என்று அறியப்படும் உரிமையை 57ஆம் பிரிவு தருகிறது.

விற்பவருக்கும், விற்பனை நடக்கும் தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் உங்கள் மூலக் கோப்பு, தேதி, விற்பனைப் பக்கத்தின் முகவரி ஆகியவற்றுடன் எழுத்தில் புகார் அனுப்புங்கள். வழக்கு என்று வந்தால் எல்லை தாண்டி அலைய வேண்டியதில்லை: 62ஆம் பிரிவு, வழக்குத் தொடுப்பவர் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்கிட அனுமதிக்கிறது. உங்களுக்கு அது நாகர்கோவில். ஆயினும் 150 ரூபாய் பிடிஎஃப்புக்காக வழக்கு வரை போவதை நான் பரிந்துரைப்பதில்லை. இவ்வகை விவகாரங்களில் பெரும்பாலானவை வழக்கறிஞர் கடிதத்துடன் முடிந்துவிடுகின்றன.

தமிழில் வந்த ஒரு பேட்டர்னை (பின்னல் வழிமுறையை) மலையாளத்தில் பெயர்த்து, மூன்று வரிசைகளையும் மாற்றியிருக்கிறேன். மூன்று மாற்றம் செய்தால் நம்முடையது ஆகிவிடும் என்கிறார்களே? (நெய்யாற்றின்கரை வாசகி)

மூன்று மாற்றம், இருபது சதவீதம் என்றெல்லாம் சட்டத்தில் எந்தக் கணக்கும் இல்லை. இந்த வதந்தி எங்கே பிறந்ததோ, தையல் வகுப்புகளில் மட்டும் சாகாமல் உலவுகிறது. மொழிபெயர்க்கும் உரிமையும் மூலப் படைப்பாளருடையதே என்பதால் அவரிடம் அனுமதி கேளுங்கள். மாறாக, அந்தப் பேட்டர்னைப் பார்த்து உங்களுக்கு எழுந்த எண்ணத்திலிருந்து புதிதாக எண்ணிக்கை போட்டு, புதிதாக எழுதினால் தவறில்லை: எண்ணத்துக்கு உரிமை கிடையாது, அது வெளிப்பட்ட வடிவத்துக்கே உண்டு என்பதை 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சங்கிலித் தையலுக்கும், நாகர்கோவில் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் மிஷன் பெண்கள் கற்றுக்கொடுத்த லேஸ் முறைக்கும் இன்று யாரும் சொந்தம் கொண்டாட முடியாது.

என் பேட்டர்னின் அடியில் 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறேன். ஆனாலும் ஒருவர் அதைப் பார்த்துப் பின்னிய பைகளைத் திருவனந்தபுரம் கண்காட்சியில் விற்றார். தடுக்க முடியுமா? (மார்த்தாண்டம் வாசகி)

பேட்டர்னை நகலெடுப்பதும், பேட்டர்னைப் பின்பற்றிப் பொருள் செய்வதும் வேறு வேறு. சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைத்தவர் குறிப்பை நகலெடுத்தவர் ஆகமாட்டார். பையின் மீது நீங்கள் வரைந்த ஒரு சித்திரம் அப்படியே பின்னப்பட்டிருந்தால் நிலை மாறும், ஏனெனில் கலைப் படைப்பை எந்தப் பொருள் வடிவிலும் மறுஆக்கம் செய்யும் உரிமை 14ஆம் பிரிவின்படி உங்களுடையது. வெறும் பை வடிவமும் தையல் எண்ணிக்கையும் என்றால் பதிப்புரிமையை நம்பி வழக்கிடாதீர்கள். நீங்கள் எழுதிய வாசகம் ஓர் ஒப்பந்த நிபந்தனையாகவே நிற்கும். பணம் கட்டும் முன் அதைப் படித்து ஒப்புக்கொண்டு வாங்கியவரிடம் அதற்கு வலு அதிகம், எங்கிருந்தோ இலவசமாகக் கிடைத்தவரிடம் மிகக் குறைவு.

ஆரி வேலை ரவிக்கைக்கு நான் வரைந்த டிசைனை அச்சிட்டு 200 துணிகளாகத் தயாரிக்க ஒருவர் முன்வந்திருக்கிறார். பதிப்புரிமை இருக்கிறதே, வேறு பதிவு தேவையா? (செங்கோட்டை வாசகி)

இந்தக் கேள்வியைத்தான் பலரும் மிகத் தாமதமாகக் கேட்கிறார்கள். வடிவமைப்புச் சட்டம், 2000இன் கீழ் பதிவு செய்யக்கூடியதாக இருந்தும் பதியப்படாத ஒரு டிசைன், உரிமையாளராலோ அவர் அனுமதியுடனோ தொழில்துறை முறையில் 50 தடவைக்கு மேல் பொருளில் ஆக்கப்பட்டவுடன், அதிலுள்ள பதிப்புரிமை முடிந்துவிடும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு கூறுகிறது. ஐம்பத்தோராவது துணி அச்சாகி வெளிவரும் நாளில், உங்கள் பதிப்புரிமை உங்கள் கையாலேயே கரைந்துபோகலாம் என்பது இதன் பொருள். கையால் ஒவ்வொன்றாகத் தைப்பது 'தொழில்துறை முறை' ஆகுமா என்பது வாதத்துக்குரியது. அச்சில் அந்த ஐயமில்லை.

தீர்வு டிசைன் பதிவு. தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். பாதுகாப்பு 10 ஆண்டுகள், மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் அந்த டிசைன் எங்கும் வெளியிடப்படாததாக இருக்க வேண்டும். ஏற்கெனவே படத்தை எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்தால் புதுமை போய்விட்டது, பதிவும் கிடைக்காது. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் விண்ணப்பம், பிறகு பதிவேற்றம். தயாரிப்பாளரிடம் காட்டும்போது ரகசியம் காப்பதாக எழுதி வாங்குங்கள்.

பதிப்புரிமையைப் பதிவு செய்யாவிட்டால் செல்லாதா? எனக்கே பதிவுத் தபால் அனுப்பி, பிரிக்காமல் வைத்தால் போதுமாமே? (பொள்ளாச்சி வாசகர்)

பதிவு கட்டாயமில்லை, செய்தால் நீதிமன்றத்தில் அது முதல் நோக்குச் சான்றாகும் (மாறாக நிரூபிக்கப்படும் வரை ஏற்கப்படும் சான்று). கட்டணம் கலைப் படைப்புக்கு 500 ரூபாய், பொருள்களில் பயன்படுத்தக்கூடியதற்கு 2,000 ரூபாய். தபால் உறைக்குச் சட்டத்தில் தனி மதிப்பு ஒன்றுமில்லை. அழித்துத் திருத்திய முதல் வரைவும், தேதியுள்ள மூலக் கோப்பும் அதைவிட நன்றாகப் பேசும்.