பழைய பாட்டைப் பாடகரே மாற்றலாமா? தெ கிரெகோரி பற்றிச் சில கேள்விகள்

இத்தாலியப் பாடகர் ஃபிரான்செஸ்கோ தெ கிரெகோரி 2014 நவம்பரில் 'விவாவோச்சே' என்று ஓர் இரட்டை ஆல்பம் வெளியிட்டார். மொத்தம் 28 பாடல்கள், ஏறக்குறைய எல்லாமே அவருடைய பழைய பாடல்கள்தான். அத்தனையையும் புது இசையோடு ஸ்டுடியோவில் மறுபடி பாடியிருக்கிறார். அதையும் அதைப் போன்ற மற்ற இத்தாலிய ஆல்பங்களையும் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் கீழே.

சார், முதலில் இவர் யார்? நான் பெயரே கேட்டதில்லை.

1951-இல் ரோமில் பிறந்தவர். அங்கே ட்ராஸ்தெவெரே பகுதியில் 'ஃபோக்ஸ்டுடியோ' என்று ஒரு சின்ன இசைக்கூடம் இருந்தது. அங்கே கிட்டாரோடு பாடித்தான் வளர்ந்தார். 1972-இல் அந்தோனெல்லோ வெந்தித்தி என்ற இன்னொரு பாடகரோடு சேர்ந்து முதல் இசைத்தட்டு. 1975-இல் வந்த 'ரிம்மெல்' அவரை நாடறிய வைத்தது. ரசிகர்கள் அவரை 'இளவரசர்' என்பார்கள். நம் சினிமாப் பாட்டுக்கு வரி ஒருவர், மெட்டு ஒருவர், குரல் ஒருவர். இவருடைய தலைமுறையில் மூன்றையும் ஒரே ஆள் செய்தார். அப்படிச் செய்கிறவரை இத்தாலியர்கள் 'கன்தவுத்தோரே' என்பார்கள்.

நான் கிட்டார் கற்றுக்கொள்கிறேன். 'அரேஞ்ச்மென்ட் மாற்றினார்' என்றால் உண்மையில் என்ன மாறுகிறது அண்ணா?

ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'ரிம்மெல்' ஆல்பத்தில் 'புவோனநோத்தே ஃபியோரெல்லீனோ' என்று ஒரு குட்டிப் பாட்டு. "இரவு வணக்கம், சின்னப் பூவே" என்று காதலியைத் தூங்கச் சொல்கிற பாட்டு. ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு-மூன்று என்று வால்ட்ஸ் நடையில் ஆடிக்கொண்டே போகும். அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் 'வின்டர்லூட்' என்ற வால்ட்ஸ்தான் அதற்குத் தூண்டுதல்.

2014-இல் அதே பாட்டை 'ஃபியோரெல்லீனோ 12&35' என்று பெயர் மாற்றிப் பாடினார். பெயரைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். டிலன் 1966-இல் பாடிய 'ரெய்னி டே விமன் 12&35' பாட்டின் குடிகாரப் பேண்டு வாத்திய நடையை எடுத்து, அதற்குள் தன் தாலாட்டை உட்கார வைத்துவிட்டார். மூன்று எண்ணிக்கை போயே போச்சு. வரியும் ஆளும் அதேதான், ஆனால் இப்போது யாரும் தூங்க மாட்டார்கள்! எனக்கு இந்தக் குறும்பு ரொம்பப் பிடிக்கும். ஒரு டிலன் பாட்டிலிருந்து பிறந்ததை இன்னொரு டிலன் பாட்டுக்குள் கொண்டுபோய் விட்டிருக்கிறார் பாருங்கள்.

அப்புறம், வெளியே தெரியாத மாற்றம் ஒன்று உண்டு: சுருதி. 'ரிம்மெல்' பாடும்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை, 'விவாவோச்சே' பாடும்போது 63. வயதானால் பெரும்பாலான ஆண் குரல்களில் மேல் ஸ்தாயி குறையும், அடிக்குரல் கனக்கும். சுருதியை அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கினால் கிட்டாரில் திறந்த கம்பிகள் தரும் ஒலியே மாறிப்போகும். ஜி கார்டில் கணீரென்று கேட்டது எஃப்பில் பாரே பிடித்தால், அதாவது ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தினால், அப்படிக் கேட்காது. அதனால் சுருதியை இறக்குகிற பாடகர் அநேகமாக வாத்தியங்களையும் புதிதாக யோசித்தே ஆகவேண்டும். உங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டை எடுத்து இரண்டு ஃப்ரெட் இறக்கி வாசித்துப் பாருங்கள், தானே விளங்கும்.

ரசிகர்கள் கோபப்பட மாட்டார்களா?

படுவார்கள். கச்சேரியிலும் அவர் மெட்டை நீட்டுவார், வரியைத் தாளத்துக்கு முன்னோ பின்னோ தள்ளிப் போடுவார். கூடவே பாட வந்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பார்கள். "இசைத்தட்டில் இருப்பதைப் போலப் பாடினால் என்ன?" என்ற புலம்பல் அங்கே பல வருடப் பழசு.

ஆனால் அவர் பார்த்த கோபத்தில் இது சின்னது. 1976 ஏப்ரலில் மிலான் பலாலிதோ அரங்கில் கச்சேரி முடிந்ததும் தீவிர இடதுசாரி இளைஞர்கள் அவரை மறுபடி மேடைக்கு இழுத்துவந்து 'விசாரணை' நடத்தினார்கள். எவ்வளவு சம்பாதிக்கிறாய், அதைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்டார்கள். அதன்பின் கொஞ்ச காலம் மேடைப் பக்கமே அவர் வரவில்லை. உன் பாட்டு எங்கள் சொத்து என்று கூட்டம் உரிமை கொண்டாடினால் எதுவரை போகும் என்பதை அன்றே பார்த்துவிட்ட மனிதர். தன் மெட்டை மாற்ற யாரிடமும் அனுமதி கேட்காததில் எனக்கு ஆச்சரியமில்லை.

இது அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் செய்த மாதிரி உரிமைச் சண்டையா?

இல்லை. ஸ்விஃப்ட் 2021 முதல் பழைய ஆல்பங்களை மறுபடி பதிவுசெய்தபோது, மூலத்தைப் போலவே கேட்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பழைய பதிவு வேறொருவர் கையில் இருந்தது, அதற்குப் பதிலாக இதைக் கேளுங்கள் என்றார். அங்கே வித்தியாசம் தெரிந்தால் தோல்வி. தெ கிரெகோரிக்கு வித்தியாசம் தெரியாவிட்டால்தான் தோல்வி.

இந்த வகையில் மிகச் சிறந்த ஆல்பம் எது?

தயக்கமே இல்லாமல் சொல்வேன்: ஜெனோவா நகரத்துக் கவிஞர்-பாடகர் ஃபாப்ரீத்ஸியோ தெ அந்த்ரே, பிஎஃப்எம் ராக் குழுவோடு செய்தது. 1978 கடைசியில் சுற்றுப்பயணம் தொடங்கியது, 1979-இலும் 1980-இலும் இரண்டு பாகங்களாக நேரடிப் பதிவு வந்தது. மேடை என்றாலே நடுங்குகிறவர் தெ அந்த்ரே, பிஎஃப்எம்மோ அமெரிக்கா வரை போய் வாசித்துவந்த குழு. ஆனால் இவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள் அல்ல. 1970-இல் வந்த அவருடைய 'லா புவோனா நொவெல்லா'வில் வாசித்ததே பின்னாளில் பிஎஃப்எம் ஆன இளைஞர்கள்தான்.

அதில் 'இல் பெஸ்கத்தோரே' கேளுங்கள். அந்தி வெயிலில் கண்ணயர்ந்த கிழ மீனவன். ஒரு கொலைகாரன் ஓடிவந்து பசிக்கிறது, தாகமாக இருக்கிறது என்கிறான். கிழவன் எதுவும் கேட்காமல் ரொட்டியும் வைனும் கொடுக்கிறான். பின்னாலேயே காவலர்கள் குதிரையில் வருகிறார்கள். 1970-இன் மூலத்தில் இது அமைதியான கதை. பிஎஃப்எம் டிரம்ஸைக் கூட்டி, 'லா லா லா'வைக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டது. இன்றைக்கு இத்தாலியில் யார் இதைப் பாடினாலும் பெரும்பாலும் அந்த வடிவத்தில்தான் பாடுகிறார்கள். மாற்றியதே மூலமாகிவிட்டது! கொலைகாரன் கதைக்குக் கைதட்டுவது சரியா என்று கேட்டால், எனக்கும் கொஞ்சம் நெருடல்தான். ஆனால் நானும் தட்டுவேன்.

மற்றவர்களும் செய்திருக்கிறார்களா?

நிறைய. கிளாவ்தியோ பாலியோனி 1972-இன் காதல் ஆல்பத்தை 2009-இல் விரித்து இரட்டை ஆல்பமாக்கினார், அதோடு நாவல், படம் வேறு. எனக்குக் கொஞ்சம் திகட்டியது. ஜீனோ பவோலி நேர் எதிர்த் திசை: ஜாஸ் பியானோக் கலைஞர் தானிலோ ரேயாவோடு, பியானோவும் குரலும் மட்டும்.

'விவாவோச்சே'யில் எல்லாப் பாட்டும் தலைகீழாக மாறியிருக்கிறதா?

இல்லை. 'ஆலீச்சே'யை ராக் பாடகர் லிகபுவேயோடு சேர்ந்து பாடியிருக்கிறார், ஆனாலும் பாட்டு உடனே அடையாளம் தெரியும். பல பாடல்களில் அடுத்த தலைமுறைக் காதுக்குத் தூசி தட்டிய அளவுதான் மாற்றம். 28 பாட்டு என்பது கொஞ்சம் அதிகம், பதினைந்தோடு நிறுத்தியிருக்கலாம்.

புதிதாகக் கேட்கிறவர் எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில் 1975 'ரிம்மெல்' முழுசாக, அரை மணி நேரம்கூட ஆகாது. பிறகு 'விவாவோச்சே'யில் அந்தப் பூப் பாட்டு. பிடித்தால் 2015-இல் அவர் டிலன் பாடல்களை இத்தாலிய மொழியில் பாடிய 'அமோரே எ ஃபுர்த்தோ'வுக்குப் போகலாம். அதில் 'வியா தெல்லா பொவெர்த்தா' இருக்கிறது. டிலனின் 'டெசொலேஷன் ரோ'வை எழுபதுகளில் தெ அந்த்ரேயும் இவரும் சேர்ந்து இத்தாலிய மொழிக்குக் கொண்டுவந்தார்கள், அப்போது பாடியவர் தெ அந்த்ரே. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.