27 அங்குல மானிட்டரில் மெய்யெழுத்துப் புள்ளி தெளிவாகத் தெரியுமா?

கேள்வி: சிவகாசியில் சின்னதாக டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், பில் புக் வேலைகள். பேஜ்மேக்கர், கோரல்ட்ரா என்ற இரண்டு வடிவமைப்பு மென்பொருள்களும் ஓடும். 18.5 அங்குல மானிட்டர் ஒன்பது வருஷம் உழைத்துவிட்டு இப்போது விட்டுவிட்டு அணைகிறது. கடையில் 27 அங்குல கர்வ்டு (வளைந்த திரை) ஃபுல் ஹெச்டி எடுக்கச் சொல்கிறார்கள். 18,000 ரூபாய் வரை போகலாம். புரூஃப் பார்த்தால் கண் வலிக்கக் கூடாது, அஞ்சாறு வருஷமாவது தாங்க வேண்டும். எந்தக் கம்பெனி நம்பகமானது?

பதில்: கம்பெனியைக் கடைசியில் பார்ப்போம். முதலில், கடைக்காரர் காட்டும் அந்த 27 அங்குலத்தை எடுக்க வேண்டாம்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. உங்கள் பழைய 18.5 அங்குல மானிட்டர் பெரும்பாலும் 1366 x 768 ஆக இருக்கும். ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 85 பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் நுண்புள்ளி. 27 அங்குலத்தில் ஃபுல் ஹெச்டி, அதாவது 1920 x 1080 எடுத்தால், அங்குலத்துக்கு 82 பிக்சல்தான். திரை பெரிதாகும், எழுத்தும் பெரிதாகும், ஆனால் எழுத்தின் விளிம்பு பழையதைவிடச் சொரசொரப்பாகிவிடும். படம் பார்க்கிறவருக்கு இது பெரிய விஷயமில்லை, நான்கடி தள்ளித்தானே உட்காருவார். நீங்கள் ஒன்றரை அடியில் உட்கார்ந்து 'க' எது, 'க்' எது என்று பார்க்கிறவர். 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வித்தியாசம் சின்ன எழுத்தில் இரண்டு மூன்று பிக்சலில் முடிந்துவிடுகிறது. தமிழ் புரூஃப் பார்க்கிறவர்களுக்குக் கண் வலிக்க இதுவே பாதிக் காரணம் என்பேன்.

சரி, எது எடுப்பது? இரண்டு வழி. 24 அங்குலத்தில் ஃபுல் ஹெச்டி என்றால் அங்குலத்துக்கு 92 பிக்சல், பத்தாயிரத்துக்குள் முடியும். 27 அங்குலம்தான் வேண்டும் என்றால் கியூஹெச்டி, அதாவது 2560 x 1440. அதில் 109 பிக்சல். உங்கள் 18,000-க்குள் சலுகை நாட்களில் கிடைக்கக்கூடியதுதான். காலண்டர் தாளை முழுசாகத் திரையில் வைத்துப் பார்க்க இந்த இரண்டாவதுதான் என் சிபாரிசு.

அதற்கு முன் கம்ப்யூட்டரின் பின்பக்கம் பாருங்கள். பழைய வகை மானிட்டர் இணைப்பான விஜிஏ பின் மட்டும் இருந்தால் கியூஹெச்டி ஆசையை விட்டுவிடுங்கள், 24 அங்குலமே போதும். பத்துப் பன்னிரண்டு வருஷப் பழைய மதர்போர்டுகளில் ஹெச்டிஎம்ஐ இருந்தாலும் பலவற்றில் அது 1920 x 1200-க்கு மேல் போகாது. டிஸ்ப்ளே போர்ட் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. போர்டின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

'அப்படியானால் ஃபோர்கே (3840 x 2160) இன்னும் தெளிவாக இருக்குமே' என்று யாராவது சொல்வார்கள். இருக்கும். ஆனால் உங்களிடம் பேஜ்மேக்கர் இருக்கிறதே! அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. ஃபோர்கே திரைக்குத் தகுந்தபடி மெனுவைப் பெரிதாக்க அதற்குத் தெரியாது. ஒன்று, பட்டன்கள் கடுகு மாதிரி ஆகும். இல்லையென்றால் விண்டோஸ் இழுத்துப் பெரிதாக்கி மங்கலடித்துவிடும். 109 பிக்சல் வரை இந்தத் தலைவலி இல்லை.

கர்வ்டு வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. விளையாடுகிறவர்களுக்கு அது நன்றாக இருக்கும். பில் புக்கில் கட்டம் போடுகிறவருக்கு நேர்கோடு வளைந்து தெரிந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். தவிர, குறைந்த விலை கர்வ்டு மானிட்டர்களில் பெரும்பாலும் விஏ என்ற வகைப் பேனல் (படம் தெரியும் திரைப்பகுதி) இருக்கும். கறுப்பு நன்றாகக் கறுக்கும், ஆனால் சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்தால் நிறம் வெளுக்கும். வாடிக்கையாளர் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று 'இந்தச் சிவப்பு இன்னும் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்ணே' என்று சொல்கிற இடத்தில், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனல்தான் சரி.

அட்டைப்பெட்டியில் '16.7 மில்லியன் நிறங்கள்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு, திரை காட்டக்கூடிய நிறங்களுக்கான அளவுகோலான எஸ்ஆர்ஜிபி எத்தனை சதவீதம் என்று தேடுங்கள். 99 அல்லது 100 இருந்தால் எடுக்கலாம். சிலர் இன்னொரு அளவுகோலில் 72 சதவீதம் என்டிஎஸ்சி என்று போடுவார்கள், அதுவும் ஏறக்குறைய அதேதான். 45 சதவீதம் என்டிஎஸ்சி என்றிருந்தால் சாயம் போன பேனல், தொடாதீர்கள். கோடிக்கணக்கில் போட்டிருக்கும் டைனமிக் கான்ட்ராஸ்ட், ஒரு மில்லிசெகண்ட் ரெஸ்பான்ஸ் எல்லாம் உங்கள் வேலைக்கு உதவாது.

எவ்வளவு நல்ல மானிட்டரானாலும் திரையில் பார்த்த நிறம் அப்படியே ஆஃப்செட் அச்சில் வராது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. வாங்கிய அன்றே பிரைட்னஸைக் குறையுங்கள். கடையிலிருந்து வரும்போது கண்ணைக் கூசும் அளவுக்குத்தான் வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, திரையின் வெள்ளை அதே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை இறக்குங்கள். கண்ணுக்கும் நல்லது, பின்விளக்கும் நாள்பட வரும்.

கண்வலிக்கு இன்னொரு காரணம் மினுக்கம். சில மானிட்டர்கள் பிரைட்னஸைக் குறைக்கப் பின்விளக்கை வேகவேகமாக அணைத்து அணைத்து எரியவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்குச் சாயங்காலம் தலை வலிக்கும். கடையிலேயே பிரைட்னஸை 20-க்கு இறக்கிவிட்டு, செல்போன் கேமராவை ப்ரோ மோடில் போட்டு, ஷட்டரை 1/1000-க்கு மேல் வைத்துத் திரையைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் தெரிந்தால் வேறு மாடல் கேளுங்கள்.

இப்போது நம்பகத்தன்மைக்கு வருவோம். என் பட்டறைக்கு வரும் மானிட்டர்களில் பாதிக்கு மேல் பவர் போர்டோ, அடாப்டரோ, பின்விளக்கு எல்இடி பட்டையோ போனவை. இவை சரிசெய்யக்கூடிய பழுதுகள். திரையில் செங்குத்தாகக் கோடு விழுந்தால்தான் கஷ்டம். பேனல் மாற்றும் செலவில் ஏறக்குறையப் புது மானிட்டரே வாங்கிவிடலாம். அதனால் பேனலையும் சேர்த்து மூன்று வருஷ வாரன்டி எழுத்தில் இருக்க வேண்டும். எந்தக் கம்பெனி என்று கேட்டீர்களே, டெல், எல்ஜி, சாம்சங், பென்க்யூ, ஏசர் எல்லாவற்றிலும் நல்ல மாடலும் உண்டு, சுமார் மாடலும் உண்டு. மதுரையிலோ விருதுநகரிலோ எதற்குச் சர்வீஸ் இருக்கிறது, வீட்டுக்கே வருவார்களா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று போன் போட்டுக் கேளுங்கள். அந்தப் பதில்தான் உங்கள் கம்பெனி. பில்லை ஜிஎஸ்டி எண்ணோடு வாங்குங்கள். பதிவு செய்தவரென்றால் வாங்கும்போது கட்டிய வரியை, அதாவது உள்ளீட்டு வரியையும், பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டெபிலைசர் தேவையில்லை. பெரும்பாலான மானிட்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், நெட் கேபிளையும் சேர்த்து.

பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பிறகு கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு செத்த பிக்சலுக்குப் பல கம்பெனிகள் வாரன்டியில் மாற்றித் தராது. கடையோ ஆன்லைனோ திருப்பி எடுக்கும் அந்த ஒரு வாரம்தான் உங்கள் கையில் இருக்கும் நேரம். 'க்' மேல் இருக்கும் புள்ளியா, செத்த பிக்சலா என்று மூன்று வருஷம் குழம்பிக்கொண்டிருக்க முடியாதே.

அப்புறம் அந்தப் பழைய மானிட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விட்டுவிட்டு அணைகிறது என்றால் பெரும்பாலும் அடாப்டரோ கெப்பாசிட்டரோதான், சில நூறு ரூபாயில் சரியாகக்கூடும். கம்ப்யூட்டரில் இன்னொரு போர்ட் காலியாக இருந்தால் புதியதன் பக்கத்தில் வைத்து, வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த மேட்டரை ஸ்கேன் செய்து அதில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.