ஒரே மூலநிரலைத் தொகுத்தும் பைனரி (கணினி நேரடியாக இயக்கும் கோப்பு) மாறுபடுவது ஏன்? பிட்காயின் வலையமைப்பின் முதன்மை மென்பொருளான பிட்காயின் கோர் இதை எப்படித் தீர்க்கிறது?

காரணம் பெரும்பாலும் தொகுக்கும் சூழலில்தான் இருக்கிறது. தொகுத்த நேரம், கோப்புறையின் பாதை, கோப்புகளின் வரிசை, மூலநிரலைப் பைனரியாக மாற்றும் கம்பைலரின் பதிப்பு என எது மாறினாலும் பைனரியின் ஹாஷ் (கோப்பிலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற குறியீடு) மாறிவிடலாம். நேரத்தை ‘சோர்ஸ் டேட் எபோக்’ என்ற சூழல் மாறியால் நிலைநிறுத்தலாம், அது எளிது. கம்பைலர்தான் பெரும் தலைவலி. அதிலேயே தீங்கு நிரல் என்ற நஞ்சு கலந்திருந்தால், எல்லோருக்கும் ஒரே ஹாஷ் வந்தும் பயனில்லை!

பிட்காயின் கோர் முன்பு கிட்டியன் என்ற தொகுப்புக் கருவி கொண்டு உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளச் சூழலில் தொகுக்கப்பட்டது. 2021இல் வந்த 22.0 பதிப்பிலிருந்து கீக்ஸ் (Guix) என்ற கருவிக்கு மாறினார்கள். கீக்ஸ், சிறிய விதை பைனரிகளில் தொடங்கி, கம்பைலர் உட்படக் கருவிகளை மூலநிரலிலிருந்தே கட்டியெழுப்புகிறது. பிறகு பங்களிப்பாளர்கள் தனித்தனியே தொகுத்து, தாங்கள் பெற்ற ஹாஷ்களில் கையொப்பமிட்டு வெளியிடுகிறார்கள். பணத்தைச் சுமக்கும் சகா வலையமைப்புக்கு (மையச் சேவையகமின்றிக் கணினிகள் நேரடியாக இணைவது) இதைவிடக் குறைந்த உறுதியை நான் ஏற்கமாட்டேன். நீங்களும் ஒருமுறை தொகுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வட்டில் நிறைய இடம் மட்டும் ஒதுக்கிவையுங்கள்.