சினாட்ரா மாற்றச் சொன்ன வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிறிஸ்துமஸ் பாடல்களைப் பற்றி ஒரு கேள்வி. என் அண்ணன் ஆகஸ்ட் மாதம் இறந்துபோனார். டிசம்பர் பிறந்துவிட்டால் வீட்டில் பாட்டுப் போடுவது அவர் வேலை. இந்த வருடம் அதே பாடல்கள் எங்கேயாவது காதில் விழுந்தால் எழுந்து போய்விடுகிறேன். சந்தோஷமாக இரு, சந்தோஷமாக இரு என்று யாரோ தோளைப் பிடித்து உலுக்குவதுபோல் இருக்கிறது.

நண்பர் ஒருவர் 'மாற்றுக் கிறிஸ்துமஸ் பாடல்கள்' என்று பெரிய தொகுப்பு ஒன்றை அனுப்பினார். பாதிக்கு மேல் கிண்டல், கெட்ட வார்த்தை, சான்டாவைத் திட்டுவது. அதுவும் எனக்கு ஒட்டவில்லை. நான் பண்டிகையை வெறுக்கவில்லையே. ஆனால் அதில் நாலைந்து பாடல்கள் என்னை உட்காரவைத்துவிட்டன. பெரும்பாலும் பழைய பாடல்களை வேறொருவர் மறுபடி பாடிய கவர் வெர்ஷன்கள். அண்ணனுக்குக் கவர் என்றாலே ஆகாது. "முதல்ல பாடினவன் பாடிட்டான், அப்புறம் எதுக்கு?" என்பார். அவரோடு வாதாட இனி வழியில்லை, அதனால் உங்களிடம் கேட்கிறேன். நன்றாகப் பாடப்பட்ட ஒன்றை இன்னொருவர் ஏன் பாட வேண்டும்? இந்த மாற்றுப் பாடல்கள் பண்டிகைக்கு எதிரானவையா? உங்களுக்குப் பிடித்தவை எவை?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் அண்ணனின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். அவரோடு வாதாட வழியில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதற்குமேல் படிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த வாதத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். 'ஹேவ் யுவர்செல்ஃப் எ மெர்ரி லிட்டில் கிறிஸ்துமஸ்' என்ற பாடல் நீங்கள் எழுந்து போன பாடல்களில் ஒன்றாகத்தான் இருக்கும். 1944இல் வந்த 'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' படத்தில் ஜூடி கார்லண்ட் பாடியது. குடும்பம் பிறந்த ஊரைவிட்டுப் போகவேண்டிய நிலை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் அக்கா சின்னத் தங்கையைத் தேற்றுகிறாள். இதற்கு ஹ்யூ மார்ட்டின் முதலில் எழுதிய வரிகள், இதுவே உன் கடைசிக் கிறிஸ்துமஸாக இருக்கலாம் என்ற பொருளில் இருந்தன. அழுகிற குழந்தையிடம் இதைப் பாடினால் என்னைக் கல்நெஞ்சக்காரி என்பார்கள் என்று கார்லண்ட் மறுத்துவிட்டார். மார்ட்டின் முரண்டுபிடித்து, பிறகு மாற்றி எழுதினார்.

மாற்றிய பிறகும் கடைசியில் ஒரு வரி தங்கியது. விதி விட்டால் ஒருநாள் எல்லோரும் ஒன்றுசேர்வோம், அதுவரைக்கும் எப்படியோ தட்டுத்தடுமாறி நாளைக் கடத்தவேண்டியதுதான் என்று. போர்க்காலம் அது. வீட்டிலிருந்து ஒருவர் போயிருக்கிறார், திரும்புவாரா என்று தெரியாது. கேட்டவர்களுக்கு அந்த வரியை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

1957இல் ஃபிராங்க் சினாட்ரா அதே பாடலைத் தன் 'எ ஜாலி கிறிஸ்துமஸ்' இசைத்தட்டுக்காக எடுத்தார். தட்டின் பெயரே ஜாலி, இந்த வரி மட்டும் இப்படி இருக்கிறதே, கொஞ்சம் வெளிச்சமாக்கித் தர முடியுமா என்று மார்ட்டினைக் கேட்டார். தட்டுத்தடுமாறி நாளைக் கடத்தும் வரி போனது. உச்சிக் கிளையில் மின்னும் நட்சத்திரத்தை மாட்டு என்ற வரி வந்தது. இன்று அதிகம் பாடப்படுவது இந்த நட்சத்திர வரிதான்.

சினாட்ராவின் பாட்டு அழகானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் தோளை உலுக்கும் அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் இந்த மாற்றத்தைத்தான் காட்டுவேன். பாட்டு முதலில் உங்களைப் போன்ற ஒருவருக்காக எழுதப்பட்டது. பிறகு அந்த ஒருவரை எழுப்பி அனுப்பிவிட்டு, ஏற்கெனவே மகிழ்ச்சியாக இருப்பவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். அதனால்தான் இந்தப் பாடலை யார் புதிதாகப் பாடினாலும் அந்த இடம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். நட்சத்திரமா, தடுமாற்றமா? பாடுகிறவர் எந்த வரியை எடுக்கிறார் என்பதில் யாருக்காகப் பாடுகிறார் என்பது தெரிந்துவிடும். நல்ல கவர் என்று நான் மதிப்பது, பாட்டின்மேல் பூசிய வண்ணத்தைச் சுரண்டி அடியில் இருப்பதைக் காட்டுகிற கவரைத்தான்.

"முதல்ல பாடினவன்" என்ற வாதத்துக்கு வருகிறேன். பிங் கிராஸ்பி 'வொய்ட் கிறிஸ்துமஸ்' பாடலை 1942இல் பதிவுசெய்தார். அதன் மூலத்தட்டிலிருந்து பிரதிகள் எடுத்து எடுத்து, ஐந்தே ஆண்டுகளில் அது தேய்ந்துபோனது. 1947இல் அதே இசைக்குழுவையும் கோரஸையும் திரும்ப அழைத்து, முன்பு பாடியதுபோலவே மறுபடி பாடவேண்டியதாயிற்று. நாம் வழக்கமாகக் கேட்பது அந்த 1947 பதிவைத்தான். அதாவது கிராஸ்பி தன்னையே கவர் செய்திருக்கிறார். உங்கள் அண்ணன் மூலம் என்று நினைத்துக் கேட்டதும் அநேகமாக இரண்டாவதுதான். 'சைலன்ட் நைட்' பாடலை எடுத்துக்கொண்டால் மூலம் என்று ஒன்று காதுக்கு எட்டவே எட்டாது. 1818 டிசம்பர் 24 அன்று, ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் தேவாலயத்தில் மோர் என்ற பாதிரியாரும் க்ரூபர் என்ற ஆசிரியரும் ஒரே ஒரு கிட்டாரோடு பாடியது அது. அதற்குப் பிறகு உலகம் பாடியதெல்லாம் கவர்தான்.

'வொய்ட் கிறிஸ்துமஸ்' பாடலை விட்டு உடனே நகர மனம் வரவில்லை. அதை எழுதிய இர்விங் பெர்லின் ரஷ்யப் பேரரசிலிருந்து குழந்தையாக வந்து சேர்ந்த யூதர். முதலில் அந்தப் பாட்டுக்கு ஒரு முன்வரி இருந்தது. வெயில் அடிக்கிறது, பனைமரங்கள் அசைகின்றன, ஆனால் இன்று டிசம்பர் 24, வடக்கே போக ஏங்குகிறேன் என்று. பிறகு அதை நீக்கிவிட்டார்கள். நீக்கியதும் அது பனியின் பாட்டாக ஆகிவிட்டது. உண்மையில் பனி இல்லாத இடத்தில் நின்றுகொண்டு பனியை நினைக்கும் பாட்டு அது. இன்னொன்று, பெர்லினின் ஆண் குழந்தை பிறந்த சில வாரங்களில் இறந்தது, 1928 டிசம்பர் 25 அன்று. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த மெட்டு இறங்கி இறங்கி வரும் இடங்களை முன்புபோல என்னால் கேட்க முடியவில்லை.

அந்த ஏக்கத்தை முழுசாக வெளியே எடுத்தவர் ஓடிஸ் ரெட்டிங் என்பேன். கிராஸ்பி நாற்காலியில் சாய்ந்துகொண்டு பாடுவார். ஓடிஸ் எழுந்து நின்று கெஞ்சுகிறார். சொற்களை உடைக்கிறார், ஒரே சொல்லைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். கனவு காண்கிறேன் என்ற வரி அவர் வாயில் கனவாக இல்லை, கண்ணெதிரே கைநழுவிப் போகிற ஒன்றாக இருக்கிறது. 1967 டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 26. இந்தப் பதிவு வெளிவந்தது அதற்குப் பிறகுதான். உங்கள் தொகுப்பில் இது இல்லையென்றால் முதலில் இதைச் சேருங்கள்.

பண்டிகைக்கு எதிரானவையா என்று கேட்டிருந்தீர்கள். கிண்டல் பாட்டுகள் எனக்கும் ஒட்டுவதில்லை. ஒருமுறை சிரித்ததும் தீர்ந்துவிடுகின்றன. ஆனால் கோபம் வேறு. 1977இல் வந்த கிங்க்ஸ் குழுவின் 'ஃபாதர் கிறிஸ்துமஸ்' பாட்டில் பையன்கள் சான்டா வேடக்காரரை வளைத்துக்கொண்டு, பொம்மை வேண்டாம், காசு கொடு, அப்பாவுக்கு ஒரு வேலை கொடு என்கிறார்கள். அந்தக் கோபத்துக்குப் பண்டிகையில் இடம் இருக்கவே வேண்டும். சைமன் அண்ட் கார்ஃபங்கல் 1966இல் செய்தது இன்னும் அமைதியான காரியம். 'சைலன்ட் நைட்' பாடலை இருவரும் சாந்தமாகப் பாடிக்கொண்டே போகிறார்கள். அடியில் வானொலிச் செய்தி. வியட்நாம், கொலை வழக்கு, ஒருவர் மரணம். செய்தியின் குரல் மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது, பாட்டு தன் குரலை உயர்த்தவே இல்லை.

ஆனால் உங்கள் கேள்விக்குச் சரியான பதில் லோ என்ற குழுவிடம் இருக்கிறது. மினசோட்டாவின் டுலூத்தைச் சேர்ந்த ஆலன் ஸ்பார்ஹாக், மிமி பார்க்கர் என்ற கணவன் மனைவிதான் அதன் மையம். இருவரும் மார்மன் சபையின் விசுவாசிகள். ராக் இசையை எவ்வளவு மெதுவாக வாசிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக வாசித்துப் பேர் வாங்கியவர்கள். 1999இல் 'கிறிஸ்துமஸ்' என்றே பெயரிட்டு எட்டுப் பாடல்கள் வெளியிட்டார்கள். அதில் 'லிட்டில் டிரம்மர் பாய்' இருக்கிறது. கொண்டுவர வேறு எதுவும் இல்லாத ஏழைச் சிறுவன் தன் முரசை மட்டும் வாசிக்கும் பாட்டு. மிமி இரண்டு மூன்று தாளக் கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு நின்றபடியே வாசித்தவர். அந்தச் சிறுவனின் கதையைப் பாட அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? அதே தொகுப்பின் முதல் பாட்டு, 'ஜஸ்ட் லைக் கிறிஸ்துமஸ்', அவர்களே எழுதியது, அவர்கள் வழக்கத்துக்கு மாறாகத் துள்ளல். ஸ்டாக்ஹோமிலிருந்து ஆஸ்லோவுக்குப் போகும் வழி. பனி பெய்கிறது. கிறிஸ்துமஸ் மாதிரி இருக்கிறது என்கிறார் ஒருவர். இல்லை என்கிறார் மற்றவர். ஆஸ்லோ வருவதற்குள் பனி போய்விடுகிறது, வழி தவறுகிறது, படுக்கைகளும் சின்னவை. அப்போதுதான் கிறிஸ்துமஸ் மாதிரி இருக்கிறது. மூன்று நிமிடம்தான் ஓடும். மிமி 2022 நவம்பரில் புற்றுநோயால் இறந்தார். அந்த டிசம்பரில் இதைப் போடத் துணிந்து போட்டேன். துள்ளல் அப்படியே இருந்தது.

கவர் எதற்கு என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். மெர்ல் ஹேகார்டின் 'இஃப் வி மேக் இட் த்ரூ டிசம்பர்', 1973. தொழிற்சாலையில் வேலை போன ஒருவர் சொல்வது. அப்பாவால் ஏன் இந்த வருடம் எதுவும் வாங்க முடியவில்லை என்று மகளுக்குப் புரியவில்லை, இந்த டிசம்பரைத் தாண்டிவிட்டால் போதும் என்கிறார். 2020இல் ஃபீபி பிரிட்ஜர்ஸ் அதையே தணிந்த குரலில் பாடினார். டிசம்பரைத் தாண்டுவது என்றால் என்ன என்று அந்த வருடம் எல்லோருக்குமே தெரிந்திருந்தது. வருடம் மாறியதே கவருக்குப் போதுமான காரணமாக இருந்தது.

போக்ஸ் குழுவின் 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்', எல்லோருக்கும் தெரிந்ததால் சுருக்கமாக. ஷேன் மக்கவனும் கிர்ஸ்டி மக்காலும் 1987இல் பாடியது. பிரிட்டனில் இரண்டாம் இடத்துக்கு மேல் அதை ஏறவிடாமல் தடுத்தது ஒரு கவர்தான், பெட் ஷாப் பாய்ஸ் பாடிய 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்'. இந்தப் பாட்டில் மட்டும் உங்கள் அண்ணன் பக்கம் நான். அந்த இரண்டு குரல்களும் போடும் சண்டையை மற்றவர்கள் நடித்துத்தான் காட்டுகிறார்கள். ஒரே விதிவிலக்கு 2023 டிசம்பரில் நினா என்ற ஐரிஷ் ஊரில், மக்கவனின் இறுதிச் சடங்கில், க்ளென் ஹான்சார்டும் லிசா ஓ'நீலும் பாடியது. குடும்பத்தினர் தேவாலயத்துக்குள்ளேயே எழுந்து ஆடினார்கள்.

ப்ரிடெண்டர்ஸ் குழுவின் '2000 மைல்ஸ்' பாடலை இந்த வருடம் கேட்பதா என்று நீங்களே முடிவுசெய்யுங்கள். தூரத்துக் காதலனை நினைக்கும் பாட்டாகத்தான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். கிரிஸ்ஸி ஹைண்ட் அதை எழுதியது தன் குழுவின் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் ஹனிமன்-ஸ்காட்டை நினைத்து. 1982இல், 25 வயதில், இறந்துபோனவர். அந்த இரண்டாயிரம் மைல் நடந்து கடக்கிற தூரம் இல்லை.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது. 1996இல் ஆஸ்திரேலியாவின் பால் கெல்லியிடம் தொண்டு நிதிக்கான கிறிஸ்துமஸ் தட்டு ஒன்றுக்குப் பாட்டுக் கேட்டார்கள். டார்லீன் லவ் பாடிய 'கிறிஸ்துமஸ், பேபி ப்ளீஸ் கம் ஹோம்' பாடலைக் கவர் செய்ய நினைத்தார். அதை ஏற்கெனவே வேறொருவர் எடுத்துக்கொண்டுவிட்டார். அதனால் அவரே எழுதியதுதான் 'ஹவ் டு மேக் கிரேவி'. சிறையிலிருந்து ஒருவன் டிசம்பர் 21 அன்று எழுதும் கடிதம் அது. பல்லவி என்று எதுவும் கிடையாது. வீட்டில் எல்லோரும் கூடுவார்களே, வெயில் கொளுத்துமே, இந்த முறை கிரேவி யார் வைப்பார்கள் என்று கேட்கிறான். மாவு இவ்வளவு, உப்பு, கொஞ்சம் சிவப்பு ஒயின், கடைசியில் இனிப்புக்குத் தக்காளி சாஸ் என்று செய்முறை சொல்கிறான். எல்லோருடைய பெயரையும் சொல்லி விசாரிக்கிறான். நடுவில் தன் மனைவியை நினைத்துப் பொறாமை பொங்கி ஏதோ எழுதிவிட்டு, உடனே மன்னிப்புக் கேட்கிறான். எழுதுவது தன் சகோதரனுக்கு.

டிசம்பரில் உங்கள் வீட்டில் பாட்டுப் போடுவது அண்ணன் வேலை என்று எழுதியிருந்தீர்கள். இந்த வருடம் யார் போடப்போகிறார்கள் என்று எழுதவில்லை. நீங்கள் போடுவதாக இருந்தால் கிராஸ்பியை முதலில் வையுங்கள், அடுத்து ஓடிஸ் ரெட்டிங். கிராஸ்பி முடிந்து ஓடிஸ் தொடங்கும்போது அண்ணன் என்ன சொல்லியிருப்பார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.